வெளியேற்றுத் தலைக்குழல்

வெளியேற்றுத் தலைக்குழல் என்பது உள் எரி பொறியின் ஒவ்வோர் உருளையிலிருந்தும் வெளிவரும் புகையைத் தனித்தனிக் குழல்கள் வழியே எடுத்துச் சென்று, ஒரு பொதுக் குழலில் ஒன்றுசேர்க்கும் அமைப்பு ஆகும். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இது ஹெடர் என்றே வழங்கப்படுகிறது. கார் தொழிற்சாலையில் பொருத்தப்பட்டு வரும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டுக்கு மாற்றாக இது பின்னர் பொருத்தப்படுகிறது. புகை எளிதாக வெளியேறுவதால் உயர் சுழற்சி வேகங்களில் பொறியின் திறன் கூடுகிறது. 1960-களின் அமெரிக்க மசில் கார்களில் செய்யப்பட்ட மாற்றங்களுள் மிகவும் பரவலானவற்றில் இதுவும் ஒன்று.

தலைக்குழல் பொருத்துவது திறனை மட்டும் மாற்றும் செயல் அன்று. வண்டியின் வெப்பம், ஒலி, புகையின் தன்மை, சட்ட நிலை ஆகிய நான்கையும் அது மாற்றுகிறது. பட்டாசுத் தொழில் செறிந்துள்ள விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் இவற்றுள் வெப்பமும் தீப்பொறியும் தனிக் கவனம் பெறுகின்றன.

பெயர்

உருளைகளின் மேல்மூடியாக உள்ள பகுதி உருளைத் தலை எனப்படும். அதில் நேரடியாகப் பொருத்தப்படும் குழல் என்பதால் தலைக்குழல் என்ற பெயர் பொருந்துகிறது. இதன் உறுப்புகள் பின்வருமாறு:

- விளிம்புத் தகடு: உருளைத் தலையில் போல்ட்டுகளால் இறுக்கப்படும் தடித்த இரும்புத் தகடு. பட்டறை வழக்கில் ஃபிளேஞ்ச்.
- முதன்மைக் குழல்கள்: ஒவ்வொரு புகைத்துளைக்கும் ஒன்றாக உள்ள வளைந்த குழல்கள்.
- சேர்ப்புக் குழல்: முதன்மைக் குழல்கள் ஒன்றுகூடும் பகுதி.
- கேஸ்கெட்: விளிம்புத் தகட்டுக்கும் உருளைத் தலைக்கும் இடையே வைக்கப்படும், வெப்பம் தாங்கும் தகடு.

ஒற்றை உருளை கொண்ட மோட்டார் சைக்கிள்களில் பொறியிலிருந்து சைலன்சர் வரை செல்லும் வளைந்த குழாயைத் தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் பெண்டு பைப் என்பர். அதில் சேர்ப்புக் குழலுக்கு வேலையில்லை.

வரலாறு

பந்தயக் கார்களில் தனித்தனிப் புகைக்குழல்கள் இரண்டாம் உலகப் போருக்கு முன்பிருந்தே பயன்பட்டு வந்தன. சாலைக் கார்களில் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டே வழக்கமாக இருந்தது. அது மலிவானது, பல ஆண்டுகள் உழைப்பது, ஒலியை ஓரளவு அடக்குவது, பொறியறையில் குறைந்த இடத்தில் அடங்குவது. ஆனால் அதன் உட்புறம் குறுகலானது. ஓர் உருளையின் புகை அடுத்த உருளையின் வாயிலைக் கடந்தே செல்ல வேண்டியிருந்தது.

நடுத்தர அளவுக் காரில் பெரிய வி-8 பொறியைப் பொருத்தி விற்கப்பட்ட கார்கள் மசில் கார் எனப்பட்டன. 1964-இல் வெளிவந்த போண்டியாக் ஜி.டி.ஓ. இவ்வகையைப் பரவலாக்கிய கார் எனக் கருதப்படுகிறது. அதன் பொறி 389 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 6.4 லிட்டர் கொள்ளளவு கொண்டது. இத்தகைய பொறிகள் வெளிவிடும் புகையின் அளவுக்கு அக்கால மேனிஃபோல்டுகள் பல போதவில்லை. ஆகவே ஹெட்மேன், ஹூக்கர் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் தயாரித்த தலைக்குழல்களைக் கார் உரிமையாளர்கள் தாமே வாங்கிப் பொருத்தத் தொடங்கினர். 1965-ஆம் ஆண்டின் செல்பி ஜி.டி. 350 போன்ற சில கார்கள் தொழிற்சாலையிலிருந்தே தலைக்குழலுடன் வந்தன.

1970-இல் அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம் விரிவாக்கப்பட்டது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி ஏற்பட்டது. 1975-ஆம் ஆண்டு மாதிரிகளிலிருந்து அங்குப் பெரும்பாலான கார்களில் வினையூக்கி மாற்றி இடம்பெற்றது. இவற்றால் மசில் கார்களின் காலம் முடிவுக்கு வந்தது. இன்று தலைக்குழல் பொருத்துவோரில் கணிசமானோர் பழைய கார்களைப் புதுப்பிப்போரும் பந்தயத்தில் ஈடுபடுவோரும் ஆவர்.

செயல்படும் முறை

வெளியேற்று வால்வு திறந்தவுடன் உயர் அழுத்தப் புகை குழலுக்குள் பாய்கிறது. அதனுடன் ஓர் அழுத்த அலையும் குழல் வழியே ஓடுகிறது. குழல் அகன்று சேர்ப்புக் குழலில் திறக்கும் இடத்தை அடைந்ததும், அந்த அலையின் ஒரு பகுதி குறையழுத்த அலையாக மாறி வால்வை நோக்கித் திரும்புகிறது. வெளியேற்று வால்வும் உள்ளிழுப்பு வால்வும் ஒருசேரச் சிறிது திறந்திருக்கும் வேளையில் அது வந்து சேர்ந்தால், உருளையில் எஞ்சிய புகையை வெளியே இழுக்கும். புதிய எரிபொருள் கலவை உள்ளே வரவும் துணைபுரியும்.

அலை திரும்பும் நேரத்தைக் குழலின் நீளம் தீர்மானிக்கிறது. எளிய கணக்கு ஒன்று இதைத் தெளிவாக்கும். வெப்பமான புகையில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 570 மீட்டர் எனக் கொள்க. குழலின் நீளம் 80 செ.மீ. எனில் அலை சென்று திரும்பும் தொலைவு 1.6 மீட்டர். இதற்கு ஏறத்தாழ 2.8 மில்லிநொடி ஆகும். நிமிடத்திற்கு 6000 சுழற்சி வேகத்தில் அந்நேரத்திற்குள் கிராங்க் தண்டு ஏறத்தாழ 100 பாகை சுழன்றுவிடும். 3000 சுழற்சி வேகத்தில் 50 பாகையே சுழலும். ஆகவே ஒரு வேகத்தில் சரியான தருணத்தில் வரும் அலை, மற்றொரு வேகத்தில் தருணம் தவறி வரும். எல்லா வேகங்களுக்கும் ஒருங்கே பொருந்தும் குழல் நீளம் என்று ஒன்று இல்லாததற்குக் காரணம் இதுவே. பொதுவாக நீண்ட குழல்கள் குறைந்த, நடுத்தர வேகங்களில் இழுவிசையைக் கூட்டும். குட்டையான குழல்கள் மிக உயர்ந்த வேகங்களுக்கு ஏற்றவை.

குழலின் விட்டமும் முக்கியமானது. பெரிய விட்டம் எப்போதும் நல்லது என்பது பரவலான தவறான கருத்து. தேவைக்கு மேல் அகன்ற குழலில் புகையின் வேகம் குறைந்து, தாழ்ந்த வேகங்களில் இழுவிசை குன்றும். சாலையில் ஓடும் 350 கன அங்குல வி-8 பொறிக்கு 1⅝ அங்குல, அதாவது 41 மி.மீ. வெளிவிட்டமுள்ள முதன்மைக் குழல்கள் பெரும்பாலும் போதுமானவை.

வகைகள்

- நான்குக்கு ஒன்று: நான்கு முதன்மைக் குழல்களும் ஒரே இடத்தில் சேரும். உயர் வேகத் திறனுக்கு ஏற்றது.
- நான்கு, இரண்டு, ஒன்று: குழல்கள் முதலில் இரண்டிரண்டாகவும் பின்னர் ஒன்றாகவும் சேரும். நடுத்தர வேகங்களில் பரந்த இழுவிசை தரும்.
- நீள்குழல்: சேர்ப்புக் குழல் காரின் அடிப்பகுதியில் அமையும். பலன் மிகுதி, பொருத்துவது கடினம்.
- குட்டைக் குழல்: பழைய மேனிஃபோல்டின் இடத்திலேயே முடிந்துவிடும். பொருத்துவது எளிது, பலன் குறைவு.

நான்கு உருளைகள் ஒரே வரிசையில் உள்ள பொறியில் எரியும் வரிசை பொதுவாக 1-3-4-2 ஆகும். இதில் ஒவ்வொரு 180 பாகைக்கும் ஒரு வெளியேற்றம் சீராக நிகழ்கிறது. முதல், நான்காம் உருளைகளை ஓர் இணையாகவும், இரண்டாம், மூன்றாம் உருளைகளை மற்றோர் இணையாகவும் சேர்த்தால், ஒவ்வோர் இணையிலும் 360 பாகை இடைவெளி கிடைக்கும்.

அமெரிக்க வி-8 பொறியில் நிலைமை வேறு. செவர்லே சிறுகட்டைப் பொறியின் எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2 ஆகும். ஒற்றைப்படை உருளைகள் ஒரு பக்கத்திலும் இரட்டைப்படை உருளைகள் மறுபக்கத்திலும் உள்ளன. ஐந்தாம், ஏழாம் உருளைகள் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து எரிகின்றன. இதனால் அப்பக்கத்தின் வெளியேற்ற இடைவெளிகள் 270, 180, 90, 180 பாகை எனச் சீரற்று அமைகின்றன. வி-8 கார்களுக்கே உரிய உருட்டும் ஒலிக்கு இச்சீரின்மையே அடிப்படை.

பொருள்கள்

தலைக்குழல்கள் பெரும்பாலும் மென்னெஃகு அல்லது துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களை வளைத்து, வெல்டிங் செய்து உருவாக்கப்படுகின்றன. மலிவானவற்றின் சுவர்த் தடிமன் ஏறத்தாழ 1.2 மி.மீ.; தரமானவற்றில் 1.6 மி.மீ. அல்லது அதற்கு மேல். மெல்லிய குழல் விரைவில் துருப்பிடித்து ஓட்டையாகும்.

வெப்பத்தால் எஃகு நீள்வதும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். 80 செ.மீ. நீளமுள்ள மென்னெஃகுக் குழல் 500 பாகை செல்சியசு கூடுதலாகச் சூடேறினால் ஏறத்தாழ 4.8 மி.மீ. நீளும். துருப்பிடிக்காத எஃகு ஏறத்தாழ 6.8 மி.மீ. நீளும். ஒவ்வொரு முறை பொறி சூடாகிக் குளிரும்போதும் இந்த அசைவு போல்ட்டுகளையும் வெல்டிங் இணைப்புகளையும் தாக்குகிறது. போல்ட்டுகள் தாமே தளர்வதற்கு இதுவே முதன்மைக் காரணம்.

பீங்கான் பூச்சு குழலின் மேற்பரப்பு வெப்பத்தைக் குறைத்துத் துருவையும் தடுக்கும். வெப்பம் தாங்கும் நாடாவைக் குழலில் சுற்றும் வழக்கமும் உண்டு. அது பொறியறையின் வெப்பத்தைக் குறைக்கும். ஆனால் ஈரத்தைத் தேக்கி மென்னெஃகுக் குழலை அரிக்கச் செய்யும். கசிந்த எண்ணெய் நாடாவில் ஊறினால் தீப்பற்றும் இடரும் உண்டு.

மசில் காரில் பொருத்தும் முறை

ஆயத்தம்

வாங்கும் தலைக்குழல் காரின் மாதிரி, ஆண்டு, பொறி, உருளைத் தலை, கியர்ப்பெட்டி, ஸ்டியரிங் வகை ஆகியவற்றுக்குப் பொருந்துகிறதா என முதலில் சரிபார்க்க வேண்டும். ஒரே பொறியாயினும் வேறு காரின் தலைக்குழல் பொருந்தாமல் போகலாம். விளிம்புத் தகட்டின் மீது நேர்க்கோலை வைத்து அது சமதளமாக உள்ளதா எனப் பார்ப்பதும் நன்று. வெல்டிங் வெப்பத்தில் தகடு வளைந்திருப்பது அரிதன்று.

வேலை தொடங்குமுன் பொறி முழுதும் குளிர்ந்திருக்க வேண்டும். பேட்டரியின் எதிர்மின் இணைப்பைக் கழற்ற வேண்டும். காரை ஜாக்கி மூலம் உயர்த்தியபின் தாங்கிகளின் மீது நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் படுத்து வேலை செய்வது உயிருக்கு ஆபத்தானது.

கழற்றுதல்

1. பழைய மேனிஃபோல்டின் போல்ட்டுகளில் ஊடுருவும் எண்ணெயை முந்தைய நாளே ஊற்றி ஊறவிட வேண்டும். பல ஆண்டு வெப்பத்தில் இறுகிய போல்ட்டைப் பலவந்தமாகத் திருகினால், அது உருளைத் தலைக்குள்ளேயே முறிந்துவிடும். முறிந்ததைத் துளையிட்டு எடுப்பது முழு வேலையையும் விடக் கூடுதல் நேரம் பிடிக்கக்கூடும்.
2. ஸ்பார்க் பிளக்குகள், அவற்றின் வயர்கள், எண்ணெய் அளவுகோலின் குழாய் ஆகியவற்றைக் கழற்ற வேண்டும்.
3. மேனிஃபோல்டைப் புகைக்குழாயிலிருந்து பிரித்தபின் உருளைத் தலையிலிருந்து எடுக்க வேண்டும். வார்ப்பிரும்பு என்பதால் அதன் எடை மிகுதி.
4. உருளைத் தலையின் பரப்பில் ஒட்டியுள்ள பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி நீக்க வேண்டும். போல்ட் துளைகளின் மரைகளைத் துப்புரவாக்க வேண்டும்.

பொருத்துதல்

நீள்குழல் வகை பல கார்களில் அடியிலிருந்தே மேலேற்றப்படுகிறது. இதற்காகச் சில கார்களில் ஸ்டார்ட்டர் மோட்டாரையோ ஸ்டியரிங் இணைப்புத் தண்டையோ தற்காலிகமாகக் கழற்ற நேரிடும். சிலவற்றில் பொறியின் தாங்கிகளைத் தளர்த்திப் பொறியையே சில அங்குலம் உயர்த்த வேண்டியிருக்கும்.

புதிய கேஸ்கெட்டை வைத்து, எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் மட்டுமே மரையேற்ற வேண்டும். ஒன்றை முழுதும் இறுக்கிவிட்டால் மற்றவற்றின் துளைகள் நேராக அமையாது. பின்னர் நடுவிலிருந்து இரு புறமும் மாறிமாறிச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். வார்ப்பிரும்பு உருளைத் தலையில் 3/8 அங்குல போல்ட்டுகளுக்கு 27 முதல் 40 நியூட்டன் மீட்டர் வரையிலான முறுக்கு வழக்கமானது. அலுமினியத் தலைகளுக்குத் தயாரிப்பாளர் தந்துள்ள அளவைப் பின்பற்ற வேண்டும். குழல்கள் நெருக்கமாக உள்ளதால் பல போல்ட்டுகளுக்கு வளைந்த ஸ்பானர் தவிர வேறு கருவி எட்டாது.

எல்லாம் பொருந்தியபின், குழல்களுக்கும் பிரேக் குழாய், எரிபொருள் குழாய், மின்வயர், ஸ்டியரிங் தண்டு, கிளட்ச் இணைப்பு ஆகியவற்றுக்கும் இடையே போதிய இடைவெளி உள்ளதா எனப் பார்க்க வேண்டும். ஓடும்போது பொறி தன் தாங்கிகளின் மீது அசையும் என்பதையும் மறக்கலாகாது.

பொருத்திய பின்

முதல்முறை பொறியை இயக்கும்போது குழல்களில் படிந்த எண்ணெய் எரிந்து புகை வருவது இயல்பு. பொறி சூடாகி, முழுதும் குளிர்ந்தபின் போல்ட்டுகளை மீண்டும் இறுக்க வேண்டும். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மற்றொரு முறை இறுக்குவது நல்லது.

புகை எளிதாக வெளியேறுவதால் பொறிக்குள் செல்லும் காற்றின் அளவு கூடலாம். கார்புரேட்டரின் ஜெட் பழைய அளவிலேயே இருந்தால் கலவையில் எரிபொருள் குறைந்து பொறி மிகையாகச் சூடாகும். எனவே ஸ்பார்க் பிளக்கின் நிறத்தைப் பார்த்தோ கருவியால் அளந்தோ கார்புரேட்டரைத் திருத்தியமைக்க வேண்டும். மேனிஃபோல்டின் வெப்பத்தால் இயங்கும் தானியங்கிச் சோக் உள்ள கார்களில், அதற்கு மின்சாரச் சோக் போன்ற மாற்றேற்பாடு தேவைப்படும்.

வழக்கமான குறைகள்

- புகைக்கசிவு: பொறி குளிர்ந்த நிலையில் இயங்கும்போது டிக் டிக் என்ற ஒலி கேட்கும். விளிம்புத் தகட்டின் ஓரத்தில் கரித்தடம் தெரியும். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு நிறமும் மணமும் அற்ற நச்சு வளிமம். அது ஆக்சிசனைவிட 200 மடங்குக்கும் மேல் வலிமையாகக் குருதியின் ஈமோகுளோபினுடன் பிணைகிறது. கசிவு காரின் உட்புறம் புகுந்தால் உயிரிழப்பு நேரலாம். மூடிய கொட்டகைக்குள் பொறியை இயக்கிப் பார்ப்பதும் இதே காரணத்தால் ஆபத்தானது.
- ஸ்டார்ட்டர் சூடாதல்: குழலுக்கு அருகிலுள்ள ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறி, பொறி வெப்பமாக இருக்கும்போது கார் கிளம்ப மறுக்கும்.
- ஸ்பார்க் பிளக் வயர் கருகுதல்.
- தரை இடைவெளி குறைதல்: சேர்ப்புக் குழல் காரின் மிகத் தாழ்ந்த உறுப்பாகி, வேகத்தடைகளில் உராயும்.
- ஆக்சிலேட்டரை விடும்போது வெடித்தல்: கசிவு வழியே உட்புகும் காற்று எரியாத எரிபொருளுடன் கலந்து குழலுக்குள் எரிவதால் படபடவெனச் சத்தம் எழும். சிலர் இதைத் திறனின் அடையாளமாகக் கருதினாலும் இது பெரும்பாலும் ஒரு குறையே.

இந்தியக் கார்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும்

இந்துஸ்தான் மோட்டார்சு 1984 முதல் 2002 வரை தயாரித்த கான்டெசா, நீண்ட முன்மூடியும் அகன்ற உடலும் உடையது. இந்தியாவின் மசில் கார் என ஆர்வலர்களால் அழைக்கப்படும் இக்கார், இங்கிலாந்தின் வாக்சால் விக்டர் காரின் வடிவத்தை அடியொற்றியது. ஆயினும் அதில் வி-8 பொறி இல்லை. முதலில் 1489 க.செ.மீ. பொறியும், பின்னர் 1.8 லிட்டர் இசுசூ பொறியும் பொருத்தப்பட்டன.

அந்த 1489 க.செ.மீ. பொறி அம்பாசிடர் காரிலும் நெடுங்காலம் பயன்பட்டது. அதன் உருளைத் தலையில் புகைத்துளைகள் மூன்றே உள்ளன. நடுவிலுள்ள இரண்டாம், மூன்றாம் உருளைகள் ஒரே துளையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆகவே அதற்குச் செய்யப்படும் தலைக்குழலில் நான்கு குழல்கள் இருப்பதில்லை, மூன்றே இருக்கும். அவ்விரண்டு உருளைகளும் 360 பாகை இடைவெளியில் எரிவதால் அவற்றின் புகை மோதிக்கொள்வதில்லை.

இப்பொறியில் உள்ளிழுப்பு மேனிஃபோல்டும் வெளியேற்று மேனிஃபோல்டும் ஒரே பக்கத்தில் உள்ளன. சில போல்ட்டுகளின் தடித்த வாஷர்கள் இரண்டு விளிம்புகளையும் ஒருசேர அழுத்துகின்றன. புதிய தலைக்குழலின் தகடு பழையதைவிட மெல்லியதாக இருந்தால் வாஷர் ஒரு பக்கம் சாய்ந்து, மறுபக்கம் கசியும். தகடுகளின் தடிமனை முன்னரே அளந்து சமன்செய்வதே இதற்குத் தீர்வு.

1955-இல் சென்னைத் திருவொற்றியூரில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு ஆலையின் புல்லட் மோட்டார் சைக்கிள் ஒற்றை உருளை கொண்டது. மற்ற உருளைகளின் புகைத்துடிப்பு இல்லாததால் சேர்ப்புக் குழலின் பயன் அதற்குக் கிடையாது. ஆகவே புல்லட்டில் செய்யப்படும் மாற்றங்கள் பெரும்பாலும் சைலன்சரின் உட்புறத் தடுப்புகளை நீக்கி ஒலியைக் கூட்டுவனவே. ஒலி கூடுவதால் மட்டும் திறன் கூடுவதில்லை. யமாகா ஆர்.எக்ஸ். 100 போன்ற இருவீச்சுப் பொறிகளில் புகைக்குழலின் நடுப்பகுதி புடைத்து இறுதியில் குறுகும். அவ்வடிவமே பொறியின் திறனுக்கு இன்றியமையாதது என்பதால், அதை வெட்டித் திறந்தால் திறன் குறையவே செய்யும்.

சென்னைக்கு அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டைப் பந்தயப் பாதையிலும் கோயம்புத்தூரின் கரி பந்தயப் பாதையிலும் ஓடும் பந்தய வண்டிகளில், அந்தந்தப் போட்டியின் விதிகளுக்கு உட்பட்டுத் தலைக்குழல்கள் பயன்படுகின்றன. பொதுச் சாலைச் சட்டத்துடன் முரண்படாமல் இவற்றைப் பயன்படுத்த ஏற்ற இடம் பந்தயப் பாதையே.

பட்டாசு வட்டாரத்தில் வெளியேற்று வெப்பம்

இந்தியப் பட்டாசு உற்பத்தியின் பெரும்பகுதி விருதுநகர் மாவட்டத்தில் நடைபெறுகிறது. கந்தகம், அலுமினியத் தூள், பொட்டாசியம் நைத்திரேட்டு ஆகியவை இத்தொழிலின் முக்கிய மூலப்பொருள்கள். கந்தகம் ஏறத்தாழ 115 பாகை செல்சியசில் உருகுகிறது. காற்றில் ஏறத்தாழ 232 பாகையில் தானே தீப்பற்றுகிறது. கடும் சுமையில் ஓடும் பொறியின் தலைக்குழல் மேற்பரப்பு 500 பாகையைத் தாண்டக்கூடும். இருளில் ஒரு பொருள் மங்கிய சிவப்பாக ஒளிரத் தொடங்குவது ஏறத்தாழ 525 பாகையில் ஆகும். ஆகவே கண்ணுக்குச் சிவந்து தெரியாத குழலும் கந்தகத் தூளைப் பற்றவைக்கப் போதிய வெப்பத்துடன் இருக்கலாம்.

வார்ப்பிரும்பு மேனிஃபோல்டும் சூடாகவே இருக்கும். எனினும் தலைக்குழல் மூன்று வகைகளில் இடரைக் கூட்டுகிறது. முதலாவதாக, அதன் மெல்லிய சுவர் வெப்பத்தை விரைவாக மேற்பரப்புக்குக் கடத்துகிறது, பரப்பளவும் மிகுதி. இரண்டாவதாக, நீள்குழல் காரின் அடிவரை நீள்வதால் தரையிலுள்ள காகிதம், வைக்கோல், உலர்புல் ஆகியவற்றை நெருங்குகிறது. மூன்றாவதாக, தடுப்புகள் நீக்கப்பட்ட சைலன்சர் வழியே எரியும் கரித்துகள்களும் பின்வெடிப்புச் சுடரும் வெளியேறலாம்.

இதைத் தடுக்கும் கருவி தீப்பொறி தடுப்பான் ஆகும். இது இரு வகைப்படும். ஒன்றில் நுண்ணிய எஃகு வலை கரித்துகள்களை வடிகட்டுகிறது. மற்றொன்றில் புகை சுழற்றப்பட்டு, கனமான துகள்கள் ஓரத்திற்கு எறியப்பட்டுத் தேக்கப்படுகின்றன. அமெரிக்க வனத்துறையின் தரநிலை 0.023 அங்குலத்திற்கு, அதாவது ஏறத்தாழ 0.58 மி.மீ.க்கு மேற்பட்ட கரித்துகள்களைத் தடுப்பதை அளவுகோலாகக் கொண்டுள்ளது. இந்தியாவில் பெட்ரோலியம் ஏற்றும் டேங்கர் லாரிகளுக்குத் தீப்பொறி தடுப்பான் கட்டாயமாகும். தீப்பொறி தடுப்பான் துகளை மட்டுமே தடுக்கும். சூடான குழலின் மேற்பரப்பைக் குளிர்விக்காது.

பட்டாசு உற்பத்தி, சேமிப்பு, போக்குவரத்து ஆகியவை 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்தின் கீழ் வகுக்கப்பட்ட 2008-ஆம் ஆண்டு வெடிபொருள் விதிகளுக்கு உட்பட்டவை. இவற்றை நடைமுறைப்படுத்தும் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் தலைமையகம் நாக்பூரில் உள்ளது. சிவகாசியிலும் அதற்கு அலுவலகம் உண்டு.

பட்டாசு ஆலை விபத்துகளுக்கு வண்டிகளின் வெளியேற்று வெப்பம் முதன்மைக் காரணம் அன்று. மருந்து கலக்கும்போதும் நிரப்பும்போதும் ஏற்படும் உராய்வு, விதிமீறிய இருப்பு, நெரிசல் ஆகியவையே பெரும்பாலும் காரணமாகின்றன. 30-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி விபத்தும் ஆலைக்குள்ளேயே நிகழ்ந்தது. ஆனால் வண்டியும் பட்டாசும் மிக நெருங்கும் இடம் சரக்கேற்றும் இடமாகும். 2016 அக்டோபர் 20 அன்று சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளைக் கையாளும்போது பற்றிய தீயின் புகை அருகிலிருந்த மருத்துவ ஸ்கேன் மையத்துக்குள் புகுந்து, அங்கிருந்த பலர் மூச்சுத்திணறி இறந்தனர். தீப்பற்றும் வாய்ப்பு சிறிதாயினும் அதன் விளைவு பெரிது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

சட்ட நிலை

இந்தியாவில் 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. 2019-ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறையோ, ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஒலி, காற்று மாசு வரம்புகளை மீறும் வண்டியை ஓட்டுவோருக்கு முதல் குற்றத்திற்கு மூன்று மாதம் வரை சிறையோ, 10,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். சாலையில் ஓடும் ஒவ்வொரு மோட்டார் வண்டியிலும் சைலன்சர் இருத்தல் வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-ஆம் விதியாகும்.

புதிய வண்டிகளுக்கான ஒலி வரம்பு கார்களுக்கு 74 டெசிபெல், 175 க.செ.மீ.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிள்களுக்கு 80 டெசிபெல். டெசிபெல் அளவில் ஒவ்வொரு 10 கூடும்போதும் ஒலியின் திறன் பத்து மடங்காகும் என்பதால், சில டெசிபெல் மீறலும் சிறியதன்று.

50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவுசெய்யும் விதிகள் 2021 சூலையில் அறிவிக்கப்பட்டன. இவற்றின் பதிவெண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் இடம்பெறும். வண்டி தன் மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சட்டகம், உடல், பொறி ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. 1960-களின் மசில் கார்கள் இந்த வயது வரம்பைக் கடந்தவை. எனவே இந்தியாவில் அத்தகைய காருக்குத் தலைக்குழல் பொருத்த எண்ணுவோர், வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டறிவது தேவையாகிறது. கழற்றிய பழைய மேனிஃபோல்டை எறியாமல் பாதுகாப்பதும் தேர்ந்த ஆர்வலர்களின் வழக்கம். மூல உறுப்பு கையிலிருந்தால் காரை எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர இயலும்.

இவற்றையும் பார்க்க

- உள் எரி பொறி
- வினையூக்கி மாற்றி
- கார்புரேட்டர்
- தீப்பொறி தடுப்பான்
- அம்பாசிடர் கார்
- சிவகாசி
- விருதுநகர் மாவட்டம்